அடுப்பு எரியலாம், தீக்குச்சி உரசக் கூடாது

போன இதழில் யூதர்களின் ஓய்வுநாளான ஷபாத்தைப் பற்றி எழுதியிருந்தேன். வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதிலிருந்து சனிக்கிழமை இரவு நட்சத்திரம் தெரியும் வரை சமையல் இல்லை, நெருப்பு இல்லை, ஸ்விட்ச் இல்லை, காசைத் தொடுவதில்லை. மொத்தம் 39 வகை வேலைகளை விலக்கி வைக்கிறார்கள் என்று சொன்னேன். அதைப் படித்தவர்கள், "அப்போ பண்டிகை நாளில் எப்படி?" என்று வரிசையாகக் கேட்டிருக்கிறீர்கள். எருசலேமில் ஒரு மூதாட்டியின் வீட்டிலேயே தங்கி கேர்கிவராக வேலை பார்த்தவள் நான். அங்கே கண்ணால் பார்த்ததையும் அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் வைத்துச் சொல்கிறேன். அவரை 'சவ்தா' என்றுதான் கூப்பிடுவேன், எபிரேயத்தில் பாட்டி. போலந்திலிருந்து வந்த அஷ்கெனாசி, அதாவது ஐரோப்பிய யூதக் குடும்பம், பக்தி அதிகம். வீட்டுக்கு வீடு, ரப்பிக்கு (யூத மதகுரு) ரப்பி வழக்கம் மாறும். அதை மனசில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

அக்கா, ஷபாத்தில் அடுப்பே பற்றவைக்க மாட்டார்கள் என்று எழுதினீர்கள். ஹைஃபாவில் வேலை பார்க்கும் என் நாத்தனாரோ, பண்டிகை அன்று அந்த வீட்டில் காலையிலிருந்து சமையல்தான் என்கிறாள். எது சரி?
— மார்த்தாண்டத்திலிருந்து ஒரு வாசகி

இரண்டும் சரிதான். எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுபட்டதை நினைக்கும் பஸ்காவின் முதல் நாள், ஏழாம் நாள், ஷாவுஓத் என்கிற வாரங்களின் பண்டிகை, யூதப் புத்தாண்டான ரோஷ் ஹஷானாவின் இரண்டு நாள், சுக்கோத் என்கிற கூடாரப் பண்டிகையின் முதல் நாள், அது முடிந்ததும் வரும், வேத வாசிப்பு முடிவதைக் கொண்டாடும் சிம்ஹாத் தோரா: இந்த நாள்களை 'யோம் தோவ்' என்கிறார்கள். வேலை செய்யக் கூடாத நாள்கள்தான். ஆனால் பைபிளின் யாத்திராகமம் 12ஆம் அதிகாரத்தில் பஸ்காவைப் பற்றிச் சொல்லும்போதே ஒரு விலக்கு இருக்கிறது: அவரவர் சாப்பிடுவதற்கு வேண்டியதை மட்டும் செய்துகொள்ளலாம். ஷபாத்துக்கு அந்த விலக்கு கிடையாது. பண்டிகை என்றால் மகிழ்ந்திருக்க வேண்டும் என்று உபாகமம் கட்டளையாகவே சொல்கிறது. ஆறிப்போன சாப்பாட்டை வைத்துக்கொண்டு எப்படி மகிழ்வது? அதனால் மாவு பிசையலாம், ரொட்டி சுடலாம், மீன் பொரிக்கலாம், சூப் கொதிக்கவைக்கலாம். குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருவில் போகலாம், ஜெபப் புத்தகத்தைக் கையில் எடுத்துப் போகலாம். ஷபாத்தில் பொதுத் தெருவில் இதுவும் கூடாது.

ஆனால் நெருப்பைப் புதிதாக உண்டாக்கக் கூடாது. தீக்குச்சி உரசக் கூடாது, லைட்டர் தட்டக் கூடாது, அடுப்பின் மின்பொறியை அழுத்தக் கூடாது. ஏற்கெனவே எரிகிற நெருப்பிலிருந்து இன்னொன்றைப் பற்றவைத்துக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் பண்டிகைக்கு முந்தின சாயங்காலமே கண்ணாடிக் குவளையில் ஊற்றிய பெரிய மெழுகுவத்தி ஒன்றை ஏற்றி, சிங்க் பக்கத்தில் ஒரு தகரத் தட்டில் வைத்துவிடுவார்கள். 24 மணி நேரம் நின்று எரிவது. ரோஷ் ஹஷானாவுக்கு 48 மணி நேரம் எரிவதாகப் பார்த்து வாங்குவார்கள். சமைக்கும் நேரத்தில் சவ்தா ஒரு நீளக் குச்சியை அந்தச் சுடரில் காட்டுவார். அது பிடித்ததும் பர்னரிடம் கொண்டுபோய் காஸைத் திருப்புவார். குப்பென்று பிடிக்கும். அப்புறம் அந்தக் குச்சியை ஊதி அணைக்க மாட்டார். அணைப்பதும் விலக்கப்பட்ட வேலைதான். தட்டில் வைத்துவிடுவார், அது தானாக எரிந்து கருகி அணையும்.

இங்கேதான் புதிதாகப் போகிறவர்கள் தடுமாறுவார்கள். தீயைக் கூட்டலாம், சும்மா குறைக்கக் கூடாது. குறைப்பதும் அணைப்பதில்தான் சேரும். சிறு தீ வேண்டுமென்றால் இன்னொரு பர்னரைச் சிறிதாகப் பற்றவைத்து, பாத்திரத்தை அங்கே மாற்றுவார்கள். அடுப்பை நிறுத்துவதற்கு காஸ் குழாயில் கடிகாரம் வைத்த ஒரு திருகு மாட்டியிருக்கும். பற்றவைக்கும் முன்பே அதில் நேரத்தை வைத்துவிட்டால், நேரம் ஆனதும் அதுவே காஸை நிறுத்திவிடும். நாம் பழக்கதோஷத்தில் கை நீட்டி அடுப்பை அணைத்துவிடுவோம். அதனால் சமையலறையில் நிற்கும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்பது நல்லது.

சாப்பாட்டுக்குத்தானே என்று தோட்டத்தில் தக்காளி பறிக்க முடியாது, குளத்தில் மீன் பிடிக்க முடியாது. அறுவடையும் மீன்பிடிப்பும் வழக்கமாகப் பல நாள் தேவைக்குச் சேர்த்துச் செய்கிற வேலைகள், அதனால் அந்தச் சலுகைக்குள் வராது என்பது அவர்கள் விளக்கம். துவைப்பது, தைப்பது, எழுதுவது, காசு கொடுத்து வாங்குவது எதுவும் இல்லை. முந்தின நாளே செய்து வைத்தாலும் ருசி கெடாத பண்டம் என்றால் அதை முன்னாடியே முடித்துவிட வேண்டும் என்றும் ஒரு வழக்கம் உண்டு.

இஸ்ரேலுக்கு வெளியே இதே பண்டிகைகளை ஒரு நாளுக்குப் பதில் இரண்டு நாள் கொண்டாடுவார்கள். பிறை பார்த்துச் சொல்லும் செய்தி எருசலேமிலிருந்து தூர ஊர்களுக்குப் போய்ச் சேரத் தாமதமான காலத்து வழக்கம். கணக்கிட்ட பஞ்சாங்கம் வந்த பிறகும் விடவில்லை. ரோஷ் ஹஷானா எங்கேயும் இரண்டு நாள்தான்.

பண்டிகையும் ஷபாத்தும் அடுத்தடுத்து வந்தால் என்ன செய்வார்கள்?
— காரைக்குடியிலிருந்து ஒரு வாசகர்

அருமையான கேள்வி. 2024இல் ரோஷ் ஹஷானா அக்டோபர் 3, 4 தேதிகளில், வியாழனும் வெள்ளியுமாக வந்தது. வெள்ளி சாயங்காலம் ஷபாத் தொடங்கிவிடும். ஷபாத்தில் சமைக்கக் கூடாது. வெள்ளிக்கிழமையே சமைத்துவிடலாம் என்றால் அது பண்டிகை நாள், அன்று அன்றைய சாப்பாட்டுக்கு மட்டும்தான் சமைக்கலாம். பண்டிகையில் நாளைக்காக எதுவும் ஆயத்தம் செய்யக் கூடாது. இது எவ்வளவு கறாரான விதி என்றால், ரோஷ் ஹஷானா முதல் நாள் சாயங்காலம் நன்றாக இருட்டும் வரை, இரண்டாம் நாள் விருந்துக்காக சவ்தா மேஜை விரிப்பைக்கூடப் போடவிட மாட்டார்.

இதற்கு அவர்கள் வைத்திருக்கும் வழி 'எருவ் தவ்ஷிலின்'. பண்டிகை தொடங்கும் முன், அதாவது புதன்கிழமையே, ஒரு வேகவைத்த முட்டையையும் ஒரு ரொட்டியையும் ஒரு தட்டில் எடுத்து வைப்பார்கள். வீட்டுப் பெரியவர் அதைக் கையில் ஏந்தி ஆசி சொல்லி, பண்டிகையிலிருந்து ஷபாத்துக்குச் சுடவும் சமைக்கவும் சூடாக வைக்கவும் விளக்கேற்றவும் இதனால் நமக்கு அனுமதி உண்டாகட்டும் என்று அராமிய மொழியில் சொல்வார். ஷபாத் சமையலைப் பண்டிகைக்கு முன்பே தொடங்கிவிட்டோம், வெள்ளிக்கிழமை செய்வது அதன் தொடர்ச்சி என்று கணக்கு. தட்டைக் குளிர்பெட்டியில் பத்திரமாக வைத்துவிட்டு, ஷபாத் சாப்பாட்டில் சாப்பிடுவார்கள். அந்தத் தட்டை எடுத்துவிடாதீர்கள்! மிச்சம் மீதி என்று நினைத்து யாராவது தின்றுவிட்டால், ஷபாத்துக்குச் சமைக்கும் வழியே அடைபட்டுப்போகும்.

முட்டை என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. யூதச் சட்ட விவாதங்களின் பழைய தொகுப்பான தால்மூத்தில், பண்டிகைச் சட்டங்களைப் பேசும் பகுதி ஒரு முட்டையிலிருந்துதான் தொடங்குகிறது. பண்டிகை நாளில் கோழி இட்ட முட்டையை அன்றே சாப்பிடலாமா? பழைய காலத்து ஆசான் ஷம்மாயின் வழியினர் சாப்பிடலாம் என்றார்கள், இன்னொரு ஆசான் ஹில்லேலின் வழியினர் கூடாது என்றார்கள். வழக்கமாக ஹில்லேல் பக்கம்தான் இளக்கமாக இருக்கும், இங்கே தலைகீழ். கூடாது என்பதற்கு தால்மூத் தரும் காரணங்களில் ஒன்று: இன்று இட்ட முட்டை நேற்றே கோழி வயிற்றில் உருவாகி முடிந்தது. நேற்று ஷபாத்தாக இருந்திருந்தால், ஷபாத் பண்டிகைக்காக ஆயத்தம் செய்ததாக ஆகிவிடும். ஒரு நாளின் புனிதம் இன்னொரு நாளுக்கு வேலைக்காரி ஆகக் கூடாது என்பதில் இவ்வளவு கவனம். எனக்கு இது ரொம்பப் பிடித்த இடம்.

டைமர் போட்டு விளக்கு எரியவிடுவது, எல்லா மாடியிலும் தானாக நிற்கிற லிஃப்ட், முட்டையும் ரொட்டியும் வைத்து அனுமதி... இதெல்லாம் கடவுளை ஏமாற்றும் வேலையாகத் தெரியவில்லையா?
— திண்டுக்கல்லிலிருந்து ஓர் ஆசிரியர்

எனக்குத் தெரியவில்லை ஐயா. அங்கே வேலை பார்த்த நம் ஊர்க்காரர்கள் பலரும் இப்படித்தான் சொல்வார்கள், நான் ஒத்துக்கொண்டதில்லை. அந்த நாளில் மனிதன் கையால் அந்த வேலையைச் செய்யக் கூடாது என்பதுதான் சட்டம். முன்பே ஏற்றிய விளக்கு எரிந்துகொண்டிருப்பதை அது தடுக்கவே இல்லை. அந்தக் காலத்தில் அகலில் எண்ணெய் நிறைய ஊற்றி வைத்தார்கள், இந்தக் காலத்தில் டைமர். கண்ணுக்குத் தெரியாமல் சந்துபொந்து தேடுகிறவர்கள் இவ்வளவு வெளிப்படையாகப் புத்தகம் புத்தகமாக எழுதி வைத்து விவாதிக்க மாட்டார்கள்.

மின்சாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கம்பியில் ஏற்கெனவே ஓடுகிற மின்சாரம் எரிகிற நெருப்பு மாதிரிதானே, அதிலிருந்து விளக்கை எரியவைப்பது மெழுகுவத்தியிலிருந்து அடுப்பைப் பற்றவைப்பதற்குச் சமம்தானே என்று சொல்லி, யோம் தோவில் மட்டும் ஸ்விட்ச் போட அனுமதித்த ரப்பிகள் முன்பு இருந்தார்கள். பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. எருசலேமின் ரப்பி ஷ்லோமோ சல்மான் அவுவர்பாக், ஷபாத்திலும் பண்டிகையிலும் மின்சாரம் பற்றியே 1935இல் ஒரு முழு நூல் எழுதினார். அப்போது அவருக்கு வயது 25தான். இழை சூடாகி ஒளிரும் விளக்கு நெருப்புக் கணக்கில் வரும், மற்ற மின்கருவிகளை மின்சாரம் என்பதற்காக மட்டும் விலக்க மூலச் சட்டத்தில் உறுதியான காரணம் இல்லை, ஆனாலும் சமூகம் கடைப்பிடிக்கும் வழக்கத்தை விடக் கூடாது என்பது அவர் நிலை. தனக்கு வசதியான பதிலைத் தேடுகிறவர் எழுதுகிற எழுத்தா இது?

ஒன்றை மட்டும் மறைக்க மாட்டேன். அந்த ஒரு நாள் ஓய்வுக்காக முந்தின வாரம் முழுக்க நடக்கும் வேலையில் பெரும்பங்கு பெண்கள் தலையிலும் எங்களைப் போன்ற வேலைக்காரர்கள் தலையிலும்தான் விழுகிறது. பஸ்காவுக்கு முன் சமையலறையைத் தேய்த்துக் கழுவியே இடுப்பு விட்டுப்போகும். இதைப் பற்றி அங்குள்ள பெண்களே வாய்விட்டுப் பேசுகிறார்கள், பேச வேண்டும்.

அக்கா, பினேய் பிராக்கில் ஒரு தாத்தாவைப் பார்த்துக்கொள்ளப் போகிறேன். பண்டிகையில் அவர்கள் ஸ்விட்சைத் தொட மாட்டார்கள், நான்தான் போட வேண்டும், ஆனால் போடு என்று சொல்லவும் மாட்டார்கள் என்கிறார்கள். எனக்கு எப்படித் தெரியும்?
— ராமநாதபுரத்திலிருந்து ஒரு தம்பி

தம்பி, தனக்கு விலக்கப்பட்ட வேலையை யூதர் அல்லாத ஒருவரைச் செய்யச் சொல்வதும் பொதுவாக அவர்களுக்கு விலக்குதான். உனக்காக நீ விளக்குப் போட்டுக்கொண்டால் அந்த வெளிச்சத்தில் அவர்களும் உட்கார்ந்து படிக்கலாம். அவர்களுக்காகவே நீ போட்டால் அதைப் பயன்படுத்தக் கூடாது. தால்மூத்துக்கு அடிப்படையான பழைய சட்டத் தொகுப்பு மிஷ்னாவிலேயே இருக்கிற விதி இது. அதனால்தான் சூசகமாகப் பேசுவார்கள். குளிர்பெட்டிக்குள் பல்பு எரிகிறபடி விட்டுவிட்டால், "பல்பைக் கழற்று" என்று சொல்ல மாட்டார்கள். "அந்தப் பல்பு இருப்பதால் கதவைத் திறக்க முடியவில்லையே" என்பார்கள். நீ புரிந்துகொள்ள வேண்டும்.

நோயாளியின் தேவைக்கு இந்தச் சுற்றிவளைப்பு வேண்டியதில்லை, நேராகவே கேட்கலாம். ஆனாலும் நீண்ட நாள் பழக்கம் விடாது. சவ்தாவின் கட்டில் பட்டனில் ஏறி இறங்குவது. பண்டிகை இரவில், "முதுகு வலிக்கிறதே" என்று மட்டும் சொல்வார். நான் எழுந்துபோய் தலைப்பக்கத்தை உயர்த்துவேன்.

உயிருக்கு ஆபத்து என்றால் எல்லா விதியும் நிற்கும். யூதரே போன் எடுக்கலாம், கார் ஓட்டலாம். செய்தே ஆக வேண்டும் என்பதுதான் அவர்கள் சட்டம். மூச்சுத் திணறல், மயக்கம் என்றால் யாரையும் கேட்டுக்கொண்டு நிற்காதே, ஆம்புலன்சுக்கு 101 அடி.

பண்டிகைக்கு முந்தின நாள் வீட்டாரோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் பேசிவிடு. எந்த விளக்கு எரியட்டும், ஏசி டைமர் எத்தனை மணிக்கு, காது மெஷின் போட்டே இருக்க வேண்டுமா, கழிப்பறைக் காகிதத்தை முன்பே கிழித்து வைத்திருக்கிறார்களா, உன் போனை எந்த அறையில் வைத்துப் பேசலாம். இன்னொன்று. சூசகத்தைச் சாக்காக வைத்து உன்னை வீட்டு ஸ்விட்சாகவும் வாஷிங் மெஷினாகவும் ஆக்க விடாதே. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் கேர்கிவர் பெண்ணைப் பண்டிகையன்று மொத்தக் குடும்பத்துத் துணியையும் துவைக்க வைத்தார்கள். அவர்கள் சட்டப்படியும் அது தப்பு, வேலை ஒப்பந்தப்படியும் தப்பு. பண்டிகை விடுமுறையை உன் மதப் பண்டிகைகளில் எடுத்துக்கொள்வதா, அவர்களுடைய பண்டிகைகளில் எடுத்துக்கொள்வதா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை உனக்கு உண்டு. வேலையில் சேரும்போதே அதைச் சொல்லிவிடு.

நான் பார்த்துக்கொள்ளும் பாட்டிக்குச் சர்க்கரை நோய். யோம் கிப்பூர் உபவாசம் இருந்தே தீருவேன் என்கிறார். பயமாக இருக்கிறது அக்கா.
— இஸ்ரேலில் வேலை பார்க்கும் ஒரு தங்கை

பயம் நியாயமானது. யோம் கிப்பூர் என்கிற பாவநிவிர்த்தி நாள் மற்ற பண்டிகை மாதிரி இல்லை. அதற்கு ஷபாத்தின் விலக்குகள் முழுசாகவே பொருந்தும், சமையலும் கிடையாது. அதோடு ஐந்து துறவு: உணவும் நீரும், குளியல், எண்ணெய் பூசுவது, தோல் செருப்பு, தாம்பத்தியம். சுமார் 25 மணி நேரம். பெரிய பெரிய மனிதர்கள் வெள்ளை உடுப்போடு ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு ஜெபாலயத்துக்குப் போவதை அன்றைக்குத்தான் பார்க்கலாம். சாலையில் கார் இருக்காது, பிள்ளைகள் நடுரோட்டில் சைக்கிள் ஓட்டுவார்கள்.

ஆனால் நோயாளிக்கு உணவு கொடுக்க வேண்டும் என்பதும் அதே சட்டத்தில்தான் இருக்கிறது. மருத்துவம் தெரிந்தவர்கள் சொன்னால் கொடு. அவர்கள் இல்லாவிட்டால் நோயாளியே வேண்டும் என்று சொன்னால் கொடு என்கிறது மிஷ்னா. முழுசாகச் சாப்பிட வேண்டிய அவசரம் இல்லாதவர்களுக்கு ஒரு நடுவழி உண்டு: ஒரு தடவைக்கு 30 மில்லிக்கும் குறைவான அளவு உணவு, நீர் என்றால் ஒரு கன்னம் நிறையாத அளவு, ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒன்பது நிமிட இடைவெளி. அப்படிச் சாப்பிட்டால் உபவாசத்தை முழுதாக முறித்ததாக ஆகாது.

சவ்தாவுக்கும் இப்படித்தான். டாக்டரும் அவர் ரப்பியும் பேசி முடிவு செய்த பிறகு, மருந்து அளக்கும் சின்னப் பிளாஸ்டிக் குவளையில் முந்தின நாளே ஒரு கோடு போட்டு வைத்தோம். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து அந்தக் கோடு வரை ஊற்றிக் கொடுப்பேன். முதல் வாய்க்கு முன்னால் அவர் அழுதார். மகன் வந்து, "அம்மா, இன்றைக்குச் சாப்பிடுவதுதான் உங்களுக்குக் கட்டளை" என்று சொன்ன பிறகுதான் குடித்தார்.

நீ தனியாக முடிவு எடுக்காதே தங்கச்சி. உபவாசத்துக்கு முன்பே பிள்ளைகளிடம் சொல்லி, டாக்டரிடம் எழுதி வாங்கச் சொல். பாட்டி யார் பேச்சைக் கேட்பாரோ அந்த ரப்பியிடமும் கேட்கச் சொல். இன்சுலின், மாத்திரை அளவை டாக்டர் மாற்றித் தர வேண்டியிருக்கும். அன்றைக்குச் சர்க்கரை இறங்கி வேர்த்துக் கொட்டினால் அளவு, கடிகாரம் எல்லாம் ஓரமாக வைத்துவிட்டு இனிப்பைக் கொடு. அவர்கள் சட்டம் உன் பக்கம்தான்.

பண்டிகைச் சாப்பாட்டில் நம்மைச் சேர்த்துக்கொள்வார்களா? பஸ்காவில் ஒரு வாரம் சோறே கிடையாதாமே?
— தூத்துக்குடியிலிருந்து ஒரு வாசகி

சேர்த்துக்கொள்வார்கள். யோம் தோவில் யூதர் அல்லாதவருக்காகத் தனியாகச் சமைக்கக் கூடாது, அதனால் வெளியாளை விருந்துக்கு அழைக்கவும் தயங்குவார்கள். ஆனால் வீட்டில் வேலை பார்ப்பவர் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடலாம் என்று, ரப்பி யோசேப் காரோ எழுதி 1565இல் வெனிஸில் அச்சான சட்டத் தொகுப்பிலேயே இருக்கிறது. ஒரே பானையில் கூடுதலாகப் போட்டால் போதும். எனக்கு மேஜையில் எப்போதும் இடம் இருந்தது.

சோறு, அந்த வீட்டைப் பொறுத்தது. அஷ்கெனாசி யூதர்கள் பஸ்காவில் அரிசி, பருப்பு, பயறு சாப்பிடுவதில்லை. ஸ்பெயின் வழி வந்த செஃபார்டி யூதர் வீடுகளில் பலர், கோதுமை மணி கலந்திருக்கிறதா என்று அரிசியைக் கல் பொறுக்குவது போல மூன்று தடவை பார்த்துவிட்டுச் சமைப்பார்கள். அரிசி வீட்டில் இருப்பதே குற்றம் என்று கிடையாது, அதனால் கேட்டால் தனிப் பாத்திரத்தில் பொங்கிக்கொள்ள விடுகிற வீடுகளும் உண்டு. கோதுமை, பார்லி போன்ற தானியம் புளித்த உணவு பஸ்காவில் கூடாது என்பதால் ரொட்டி, பிஸ்கட், ரவை, சேமியா, பீர் மட்டும் வாசலுக்குள்ளேயே வரக் கூடாது. ஊரிலிருந்து கொண்டுபோகும் கட்டிப் பெருங்காயத்தில் கோதுமை மாவு சேர்ப்பார்கள் என்பது பலருக்குத் தெரியாது. சாம்பார் பொடி, ஊறுகாய் எல்லாவற்றிலும் அது இருக்கும். பஸ்காவுக்கு முன்பே எடுத்துக் காட்டிவிடுங்கள்.

பஸ்காவுக்கும் கூடாரப் பண்டிகைக்கும் நடுவில் வரும் நாள்களில் என்னென்ன செய்யலாம்?
— இஸ்ரேலில் வேலை பார்க்கும் ஒரு வாசகர்

ஒவ்வொரு பண்டிகைக்கு உள்ளேயும் வரும் நடு நாள்களைத்தானே கேட்கிறீர்கள்? அவற்றை 'ஹோல் ஹமோயெத்' என்பார்கள். அடுப்பு, ஸ்விட்ச், கார், பஸ் எல்லாம் உண்டு. விட்டால் நஷ்டமாகிப்போகும் வேலை, சாப்பாட்டுக்கான வேலை, ஊர்ப் பொது வேலை எல்லாம் செய்யலாம். முகம் மழிப்பதும் துணி துவைப்பதும் இல்லை. நடுவில் செய்துகொள்ளலாம் என்று விட்டால் அழுக்கோடும் தாடியோடும் பண்டிகைக்குள் நுழைந்துவிடுவார்கள் என்பதால் முன்னோர் தடுத்துவிட்டார்கள். குழந்தைத் துணிக்கு விலக்கு உண்டு. உங்கள் துணியை நீங்கள் துவைத்துக்கொள்ளத் தடை இல்லை, பால்கனியில் காயப்போடும் முன் மட்டும் வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் அவர்கள் துணி என்று நினைத்துவிடக் கூடாது. கிளினிக், வங்கி, அலுவலகம் பலவும் அந்த நாள்களில் நேரம் குறைத்து நடத்தும் அல்லது மூடியிருக்கும். மருந்துச் சீட்டும் விசா வேலையும் இருந்தால் பண்டிகைக்கு முன்னாடியே முடித்துக்கொள்ளுங்கள்.